கடலில்லாத ஊரிலிருந்து சுறா ஜீனோம் ஆய்வு: கொங்கு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுறா நம்ம ஊருக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் தலையும் துடுப்பும் இல்லாமல்தான் வருகிறது. கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியைத் திறந்தால் கண்ணில் படுவது சாம்பல் தோலோடு கூடிய துண்டங்கள்தான். என்ன சுறா என்று கேட்டால், "பால் சுறாதானுங்க, பிள்ளை பெத்தவங்களுக்குப் புட்டு செஞ்சு குடுங்க, பால் நல்லா ஊறும்" என்பார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சரக்கு அனுப்பியவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். அது உண்மையிலேயே பால் சுறாவா, சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறாவின் குட்டியா, வேறு ஏதாவதா என்று வெறும் துண்டத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. டி.என்.ஏ. சொல்லிவிடும்.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியலோ உயிர்தொழில்நுட்பமோ படிக்கிறவர்கள் "கடல் ஆராய்ச்சி நமக்கெதற்கு, அது தூத்துக்குடிக்காரர்கள் வேலை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுறாக்களின் ஜீனோம்கள், அதாவது அவற்றின் மொத்த டி.என்.ஏ. வரிசைகள், பல ஏற்கெனவே பொதுத் தரவுத்தளங்களில் இலவசமாகக் கிடக்கின்றன. சுறா இறைச்சி நம் சந்தைக்கே வருகிறது. இரண்டு கடற்கரைகளுக்கும் நடுவில் இருக்கிற நமக்குக் கிடைக்கும் வசதி ஒன்று கரையோர ஊர்களுக்கே இல்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

நிலைமை எவ்வளவு மோசம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2021இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். கணக்கெடுப்பில் சுறா, திருக்கை, அவற்றின் உறவான பேய்ச்சுறா வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970க்குப் பிறகு 71 சதவீதம் சரிந்துவிட்டது என்றது. முக்கியக் காரணம் அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு. சுறா மத்தி மீனைப் போல ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதில்லை. பல இனங்கள் வயதுக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகும் ஒரு ஈற்றுக்குச் சில குட்டிகள்தான்.

கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

ஜீனோம் என்றதும் எல்லோரும் கருவியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கருவியை வாடகைக்கு எடுக்கலாம். கேள்வி தெளிவில்லாமல் எடுத்த மாதிரியை யாராலும் சரிசெய்ய முடியாது.

சுறாப் பாதுகாப்பில் டி.என்.ஏ. பதில் சொல்லக்கூடிய கேள்விகள் சில உண்டு. இது என்ன இனம்? இது எந்தக் கடற்பகுதிக் கூட்டத்தைச் சேர்ந்தது? அந்தக் கூட்டம் பக்கத்துக் கூட்டத்தோடு கலக்கிறதா, தனித்து நிற்கிறதா? இனப்பெருக்கம் செய்யும் சுறாக்கள் எத்தனை மிச்சம்? நெருங்கிய உறவுக்குள்ளேயே கூடுகின்றனவா? முதல் கேள்விக்கு முழு ஜீனோம் தேவையே இல்லை. ஒரு சின்ன மரபணுத் துண்டு போதும். கடைசிக் கேள்விக்கு முழு ஜீனோம் இருந்தால்தான் நம்பும்படியான பதில் வரும். தேவைக்கு மேல் வரிசையாக்கம் (டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி எழுத்துகளை வரிசையாகப் படிப்பது) செய்வது பண விரயம்; தேவைக்குக் குறைவாகச் செய்தால் உழைப்பெல்லாம் வீண்.

முதல் முறை இறங்குகிறவர்கள் இனம் கண்டறிவதில் தொடங்கி, அது கைவந்த பிறகு கூட்ட ஆய்வுக்குப் போவதுதான் நல்லது.

அனுமதி

மாதிரி எடுப்பதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது. இந்தியாவில் பெரும்பாலான சுறாக்களைப் பிடிக்கவும் விற்கவும் தடையில்லை. ஆனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் உள்ளவை வேறு கணக்கு. 2001இல் திமிங்கலச் சுறா, பாண்டிச்சேரிச் சுறா, கங்கைச் சுறா, வேளா மீன்கள் உட்படப் பத்து இனங்கள் அதில் சேர்க்கப்பட்டன. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, அட்டவணைகளே மாறிவிட்டன. பழைய பாடப்புத்தகப் பட்டியலை நம்பாமல் திருத்தப்பட்ட சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டவணை இனம் செத்துக் கிடந்தாலும் அதிலிருந்து ஒரு துண்டு வெட்ட மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும்.

மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் பல்லுயிர்ச் சட்டம் 2002 குறுக்கே வரும். தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. அதோடு ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்டீஸ் அனுமதியும் தேவைப்படலாம். கொம்பன் சுறாக்களில் மூன்று இனங்கள் 2013லேயே அதன் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. 2022 பனாமா கூட்டத்தில் ரெக்வியம் சுறாக் குடும்பம் முழுவதும் சேர்க்கப்பட்டது. நம்ம பால் சுறாவும் அந்தக் குடும்பம்தான். இந்தச் சிக்கல்களுக்காகவே வரிசையாக்கத்தை நாட்டுக்குள் முடிப்பது நல்லது. பெங்களூர், ஹைதராபாத் பக்கம் கட்டணத்துக்குச் செய்து தரும் ஆய்வகங்கள் இருக்கின்றன.

மாதிரி எடுப்பது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

சந்தையில் வாங்கும் துண்டின் வெளிப்பக்கத்தை ஒருபோதும் மாதிரியாக எடுக்காதீர்கள். அன்று காலையிலிருந்து ஐந்தாறு வகை மீன் ஏறியிறங்கிய வெட்டுக்கட்டையில்தான் இதுவும் வெட்டப்பட்டிருக்கும். கத்தியில் சூரை மீன் ரத்தம், கட்டையில் திருக்கைச் சளி, மேலே ஐஸ் தண்ணீர். வெளிப்பக்கத்தைச் சுரண்டினால் எல்லாவற்றின் டி.என்.ஏ.வும் கலந்து வரும். புதிய பிளேடு ஒன்றால் மேல் சதையைச் சீவி எறிந்துவிட்டு, இன்னொரு புதிய பிளேடால் உள்சதையில் துவரம்பருப்பு அளவுக்கு எடுங்கள். அவ்வளவு போதும். பெரிய துண்டாகப் போட்டால் ஆல்கஹால் உள்ளே இறங்குவதற்குள் நடுப்பகுதி கெட்டுவிடும். சதை ஒரு பங்கு என்றால் தூய எத்தனால் ஐந்து பங்காவது இருக்கட்டும். மறுநாள் அதைக் கொட்டிவிட்டுப் புது எத்தனால் ஊற்றுங்கள். சுறாச் சதையில் நீரும் யூரியாவும் அதிகம், முதல் எத்தனாலை அது நீர்க்கச் செய்துவிடும். ஃபார்மலின் மட்டும் வேண்டவே வேண்டாம், டி.என்.ஏ.வைப் பாழாக்கிவிடும்.

எத்தனாலைக் கல்லூரி ஆய்வகம் வழியாகத்தான் வாங்க முடியும், பஸ்ஸில் கொண்டு போவதும் ஆபத்து. அதற்கு மாற்று ஒன்று உண்டு: 20 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ., கொஞ்சம் இ.டி.டி.ஏ., கரையும் அளவுக்கு உப்பு சேர்த்த கரைசல். தீப்பிடிக்காது, ஃபிரிட்ஜ் இல்லாமலும் மாதக் கணக்கில் தாங்கும்.

குழாயில் எண் போடுவதோடு நிறுத்தாதீர்கள். தேதி, கடைக்காரர் சொன்ன பெயர், சரக்கு வந்த கரை, விலை, அளவுகோலோடு ஒரு புகைப்படம் எல்லாம் வேண்டும். "எந்த ஊர்ச் சரக்குங்ண்ணா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். கடைக்காரரின் பெயர் மட்டும் குறிப்பேட்டில் வேண்டாம். நாம் ஆய்வுக்குப் போயிருக்கிறோம், ஆளைப் பிடித்துக் கொடுக்கப் போகவில்லை.

ஊர்ச் சந்தைகளில் விற்கும் சுறாக் கருவாடும் நல்ல மாதிரிதான். அதில் டி.என்.ஏ. சின்னச் சின்னத் துண்டுகளாக நொறுங்கியிருக்கும். மேற்பரப்பை அகற்றி, உள்நாரைப் பிய்த்து, சுத்தமான நீரில் ஊறவைத்து உப்பைப் போக்கிய பிறகு பிரித்தெடுங்கள்.

இப்போது நான் சொன்ன அந்த வசதி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. கேரளக் கரையில் இழுவைப் படகுத் தடை ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை 31 வரை. வாளையார் வழியாக வரும் மேற்குக் கரைச் சரக்கும், தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினச் சரக்கும் கோவையில் வந்து கூடுகின்றன. அதனால் மே மாதம் வரும் கடல்மீனில் மேற்குக் கரையின் பங்கும், ஜூலையில் வருவதில் கிழக்குக் கரையின் பங்கும் கூடுதலாக இருக்கும். நாட்டுப்படகுச் சரக்கு இரண்டு பக்கமிருந்தும் எப்போதும் வரும், அதனால் இதை ஒரு போக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மார்க்கெட்டில் ஒரு வருடம் மாதாமாதம் மாதிரி எடுத்தால் இரண்டு கடல்களையும் ஒப்பிட வழி கிடைக்கிறது. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் எடுத்து முடித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். முடிவும் ஒருபக்கமாகச் சாயும்.

இனம் கண்டறிதல்

டி.என்.ஏ. பிரிக்கும்போது கழுவும் படியை ஒரு முறை கூடுதலாகச் செய்யுங்கள். மிச்சமிருக்கும் யூரியா, டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைக் கெடுக்கும். பிறகு மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. மரபணுவில் ஏறக்குறைய 650 எழுத்துள்ள பகுதியைப் பெருக்கி வரிசையாக்குங்கள். கருவாடானால் 150, 200 எழுத்துள்ள சிறு பகுதியை எடுக்கும் பிரைமர்கள் (நகலெடுப்பு தொடங்கும் இடத்தைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) தேவை. வந்த வரிசையை போல்ட், ஜென்பேங்க் தரவுத்தளங்களில் ஒப்பிட்டால் பெரும்பாலும் இனம் தெரிந்துவிடும்.

'பெரும்பாலும்' என்பதை மறக்காதீர்கள். தரவுத்தளத்திலேயே தவறான பெயரில் ஏற்றிய வரிசைகள் உண்டு. ஒரே ஒரு பதிவோடு மட்டும் பொருந்தினால் முடிவாக எழுதிவிட வேண்டாம். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது இன்னொரு சிக்கல். ஆஸ்திரேலியாவில் இரண்டு கருநுனிச் சுறா இனங்கள் தங்களுக்குள் கலந்து கலப்புக் குட்டிகள் ஈன்றிருப்பது 2012இல் தெரியவந்தது. தாய்வழி டி.என்.ஏ.வை மட்டும் பார்த்தால் அந்தக் குட்டி தாயின் இனமாகவே தெரியும். உட்கருவின் டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்த்தால்தான் கலப்பு வெளிப்படும்.

இந்தச் சாதாரண வேலையைச் சலிக்காமல் செய்ய இன்னொரு காரணமும் இருக்கிறது. பாண்டிச்சேரிச் சுறா என்று நம் கரையின் பெயரையே தாங்கிய இனம் 1979க்குப் பிறகு உறுதியாகப் பதிவாகவில்லை. அழிந்துவிட்டது என்றும் யாரும் அறிவிக்கவில்லை. இப்படிப்பட்ட இனம் எங்காவது மிஞ்சியிருந்தால், ஆராய்ச்சிக் கப்பலுக்கு முன்னால் ஒரு மீன் கூடைக்குத்தான் வந்து சேரும்.

அடிப்படை ஜீனோம்

கூட்ட ஆய்வுக்குப் போகிறவர்கள் தங்கள் இனத்துக்கோ நெருங்கிய உறவுக்கோ முழு ஜீனோம் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று ஜென்பேங்கை நடத்தும் என்.சி.பி.ஐ. தளத்தில் பாருங்கள். குருத்தெலும்பு மீன்களில் முதலில் முழுமையாக வந்தது 2014இல் யானைச் சுறாவின் ஜீனோம். பெயரில் சுறா இருந்தாலும் அது பேய்ச்சுறா வகை. அந்தக் குழுவை வழிநடத்தியவர் சிங்கப்பூரில் பணியாற்றிய பைரப்பா வெங்கடேஷ். அதன் ஜீனோம் சிறியது, சுமார் 100 கோடி எழுத்து. 2019இல் வந்த பெரிய வெள்ளைச் சுறாவினுடையதோ சுமார் 463 கோடி. மனித ஜீனோமைப் போல ஒன்றரை மடங்கு. பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் வரிசைகள்.

அதனால் புதிதாக ஒரு சுறா ஜீனோமைக் கட்ட நீளமான வாசிப்புகள் தேவை. பேக்பயோ ஹைஃபை போன்ற முறையில் 15,000 முதல் 20,000 எழுத்து வரை ஒரே மூச்சில் பிழை குறைவாகப் படிக்கலாம். ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 முறை படித்து, எந்தத் துண்டுகள் உட்கருவில் அருகருகே இருக்கின்றன என்று காட்டும் ஹை-சி தரவால் குரோமோசோம் அளவுக்குக் கோத்தால் நல்ல ஜீனோம் கிடைக்கும். வாசிப்புகளை ஒட்டுவதற்கு ஹைஃபிஅசெம், தரம் பார்க்க பஸ்கோ என்ற மென்பொருள்கள் இருக்கின்றன.

இதற்கு உக்கடம் மாதிரி உதவாது. இரண்டு நாள் ஐஸில் கிடந்த சதையில் நீண்ட டி.என்.ஏ. இழைகள் அறுந்துபோயிருக்கும். படகு கரையேறும் இடத்திலேயே, கொச்சியிலோ தூத்துக்குடியிலோ, சில நிமிடங்களில் திரவ நைட்ரஜனில் போட வேண்டும். சுறாவின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு, ஆகவே கொஞ்சம் ரத்தமே நிறைய டி.என்.ஏ. கொடுக்கும். கொச்சியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தனியாக அலைவதைவிட அவர்களோடு சேர்ந்து செய்வது எல்லா வகையிலும் மேல்.

கூட்டத்தைப் படிப்பது

ஒரு ஜீனோம் கையில் வந்த பிறகு, இடத்துக்கு இருபது முப்பது சுறாக்களைப் படித்து ஒப்பிட வேண்டும். பணம் கரையும் இடம் இதுதான், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 460 கோடி எழுத்துள்ள இனத்தில் ஒரு சுறாவைப் பத்து முறை படிக்க 4,600 கோடி எழுத்து வேண்டும். முப்பது சுறாவுக்கு 1,38,000 கோடி. அதையே இரண்டு முறை மட்டும் படித்தால் செலவு ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு சுறாவைப் பற்றிய உறுதி குறையும், ஆனால் ஆங்ஸ்டி போன்ற மென்பொருள் நிகழ்தகவை வைத்துக் கூட்டத்தின் அளவில் நல்ல முடிவு தரும். கூட்டங்களின் எல்லையை அறியத்தான் ஆய்வு என்றால் குறைந்த ஆழத்தில் அதிகச் சுறாக்களைப் படிப்பதையே நான் பரிந்துரைப்பேன். நெருங்கிய உறவுக்குள் கூடுவது பற்றிய கேள்வி என்றால் சில சுறாக்களையாவது ஆழமாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

வரிசைகளை அடிப்படை ஜீனோமோடு பொருத்த பி.டபிள்யூ.ஏ., வேறுபாடுகளை வடிகட்ட பிளிங்க், கூட்டங்களைப் பிரித்துக் காட்ட அட்மிக்ஸ்சர். எல்லாம் இலவசம், கற்றுக்கொள்ள லினக்ஸ் பழக்கமும் பொறுமையும் போதும்.

உடன்பிறப்புகளைக் கண்டுபிடித்து நீக்குவதை மட்டும் மறந்துவிடக் கூடாது. குட்டிகள் வளரும் கழிமுகத்தில் ஒரே வலையில் சிக்கியவை ஒரு தாய் வயிற்றுக் குட்டிகளாக இருக்கலாம். அவற்றை அப்படியே கணக்கில் எடுத்தால் அந்த இடமே தனிக் கூட்டம் போலத் தோற்றம் தரும். தாய்வழிக் கணக்கும் உட்கருக் கணக்கும் முரண்பட்டாலும் பதறாதீர்கள். பஹாமாஸ் தீவுகளின் பிமினியில் எலுமிச்சைச் சுறாப் பெண்கள் தாங்கள் பிறந்த இடத்துக்கே வந்து குட்டி போடுவது நீண்டகால மரபணு ஆய்வில் உறுதியானது. பெண் ஓரிடத்தோடு ஒட்டி, ஆண் ஊர்சுற்றினால் இரண்டு கணக்கும் முரண்படத்தான் செய்யும். பாதுகாப்புக்கு அந்த முரண்பாடே செய்தி: ஒரு குட்டி வளர்ப்பிடம் அழிந்தால் பக்கத்து இடத்துப் பெண்கள் வந்து அதை நிரப்ப மாட்டார்கள்.

எத்தனை மிச்சம்?

கடலில் சுறாவைத் தலை எண்ண முடியாது. மரபணுக் கணக்கில் முக்கியமானது பயனுறு தொகை, அதாவது அடுத்த தலைமுறைக்கு மரபு வளத்தைக் கடத்துவதில் ஒரு கூட்டம் எத்தனை தலைக்குச் சமம் என்ற எண். காங்கேயம் பக்கத்தில் மாடு வளர்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். நூறு பசுவுக்கு ஒரே ஒரு பூச்சிக்காளை என்றால் பட்டியில் 101 தலை இருக்கலாம். ஆனால் அடுத்த தலைமுறையின் மரபு வளத்தைப் பொறுத்தவரை அது நான்கு தலைக்குச் சமம். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் வருவது அதுதான். உலக நாடுகள் 2022இல் ஏற்ற பல்லுயிர் உடன்படிக்கையின் மரபணுக் குறியீடு இந்தப் பயனுறு தொகை 500க்கு மேல் இருக்கிறதா என்று கேட்கிறது.

சுறாவுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. ஆஸ்திரேலியப் பவளப்பாறைகளில் வாழும் எபோலெட் சுறாவின் குடும்பங்களைப் படித்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, அதன் மரபணு மாற்ற வேகம் மனிதருடையதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் குறைவு என்று கண்டது. முதுகெலும்பிகளில் அதுவரை அளந்ததிலேயே மிகக் குறைவு. இழந்த வேறுபாடு புதிதாக முளைத்து வர எத்தனையோ தலைமுறை ஆகும்.

வளர்ந்த சுறாக்களின் உண்மையான எண்ணிக்கை வேண்டுமென்றால் நெருங்கிய உறவுகளை வைத்துக் கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. மாதிரிகளுக்குள் தாய்-பிள்ளை, அரை உடன்பிறப்பு (தாயோ தந்தையோ மட்டும் ஒன்றானவை) ஜோடிகள் எத்தனை என்று பார்க்க வேண்டும். கூட்டம் சிறியதானால் சொந்தக்காரர்கள் அடிக்கடி அகப்படுவார்கள், பெரியதானால் அரிதாக. இந்த முறையில்தான் கிழக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்து வெள்ளைச் சுறாக்களில் வளர்ந்தவை ஏறக்குறைய 750 என்று 2018இல் மதிப்பிட்டார்கள். சுறாவைக் கொல்ல வேண்டியதில்லை. துடுப்பின் நுனியில் சிறு துண்டு போதும்.

முடிவை யாரிடம், எப்படிக் கொடுப்பது

ஆய்வுக் கட்டுரை வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மீன்வளத் துறை அதிகாரிக்கு அட்மிக்ஸ்சர் படம் தேவையில்லை. எந்த இனம், எந்தக் கரை, எந்த மாதம், எந்த அளவுக் குட்டிகள், எந்தக் கழிமுகம் என்ற விவரம் வேண்டும். இரண்டு கரைகளின் கூட்டமும் தனித்தனி என்று வந்தால் 'ஒரு கரையில் குறைந்ததை மற்றது ஈடுகட்டாது. தனித்தனி அளவு வைத்து நிர்வகிக்க வேண்டும்' என்று நேரடியாக எழுதுங்கள். அதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அனுப்புங்கள்.

வணிகத்தைக் கண்காணிப்பதிலும் இந்தத் தரவு பயன்படும். ஹாங்காங் சந்தையில் வாங்கிய கொம்பன் சுறாத் துடுப்புகளைச் சோதித்த 2009 ஆய்வு, அவற்றில் 21 சதவீதம் மேற்கு அட்லாண்டிக்கிலிருந்து வந்ததைக் காட்டியது. கூட்டங்களின் மரபணு முன்கூட்டியே பதிவாகியிருந்ததால்தான் அது முடிந்தது. இந்தியா 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதியைத் தடை செய்திருக்கிறது. பிடிபட்ட துடுப்பு நம் கரைச் சுறாவுடையதுதானா என்று சொல்ல நம் கரைகளின் ஒப்பீட்டுத் தரவு வேண்டும்.

சந்தை மாதிரியில் முதல் அட்டவணை இனம் வந்துவிட்டால் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். புதிதாக டி.என்.ஏ. பிரித்து மறுபடி சோதியுங்கள். அதே முடிவு வந்தால் மீதிச் சதையைப் பூட்டி வைத்து, வழிகாட்டிப் பேராசிரியர் மூலம் வனத்துறைக்கு எழுதுங்கள். சரக்கு வந்த கரையை மட்டும் குறிப்பிட்டால் போதும்.

வரிசைகளை என்.சி.பி.ஐ.யிலோ ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்திலோ ஏற்றும்போது, இடம், தேதி, புகைப்பட எண், மாதிரி வைத்திருக்கும் நிறுவனம் ஆகியவற்றையும் சேர்த்து நிரப்புங்கள். மீதமுள்ள டி.என்.ஏ.வை மைனஸ் 80 டிகிரி வசதியுள்ள ஆய்வகத்தில் வைத்து, குழாய் எண்களின் பட்டியலை இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள். நீங்கள் படித்து முடித்துப் போன பிறகு வரும் மாணவர் அதே குழாயிலிருந்து அடுத்த கேள்வியைத் தொடங்கலாம்.